பிரிக்காத நோட்டீசு வீட்டைப் பூட்டும்

தாராவியிலும் மாதுங்கா லேபர் காம்பிலும் பத்துக்குப் பத்து அறையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர், இன்று டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத், பதலாப்பூர், நாலாசோப்பாரா, விரார் என்று ரெயில் பாதையை ஒட்டிச் சொந்த வீடு வாங்கிக் குடியேறி இருக்கிறார்கள். அப்பா காலத்தில் வாடகை அறை. மகன் காலத்தில் ஒரு படுக்கை அறையும் ஹாலும் சமையல்கட்டும் கொண்ட பிளாட். வாசலில் சொந்தப் பெயர்ப் பலகை. அதற்காக 20 ஆண்டு காலம், மாதந்தோறும் பாங்கிக்குத் தவணை.

தவணை ஒழுங்காகப் போகும் வரையில் கவலை இல்லை. ஓவர்டைம் நின்றாலோ, ஆலை மூடினாலோ, வீட்டில் ஒருவர் நோயில் படுத்தாலோ நிலைமை மாறிவிடுகிறது. முதல் மாதம் தவணை தவறும். "அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிவிடலாம்" என்று மனம் சமாதானம் சொல்லும். இரண்டாம் மாதம் பாங்கியில் இருந்து போன் வரும். எடுக்கத் தைரியம் வராது. பிறகு ஒரு நாள் பதிவுத் தபால் வரும். அது ஆங்கிலத்தில் இருக்கும். ஊர்ப் பத்திரிகையில் வரும் அறிவிப்போ மராத்தியில் இருக்கும். படித்துச் சொல்ல ஆளைத் தேடினால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்ற கூச்சம். கவர் பிரிக்கப்படாமலே டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும்.

வீட்டைக் காப்பாற்றுவதற்கு என்று சட்டம் கொடுத்திருக்கும் நாட்கள், இப்படித்தான் பெட்டிக்குள்ளேயே கழிந்து போகின்றன. கடன் கொடுத்த பாங்கிக்குச் சட்டம் பெரிய அதிகாரம் கொடுத்திருப்பது உண்மை. அதே சட்டம், கடன் வாங்கியவருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சில நாட்கள் தவணை கொடுத்திருக்கிறது. அந்த நாட்கள் எவை, ஒவ்வொன்றிலும் என்ன செய்யலாம் என்பதை வீட்டுக் கடன் வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போகாமலே ஜப்தி

முன்பெல்லாம் கடன் திரும்பி வராவிட்டால், பாங்கி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் ஓடும். 1993-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், பாங்கிக் கடன்களுக்கு என்றே கடன் வசூல் தீர்ப்பாயங்கள் ஏற்பட்டன. அதற்குப் பிறகு 2002-ம் ஆண்டில் சர்பாசி சட்டம் வந்தது. இதன்படி, கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே, அடமானம் வைத்த வீட்டைப் பாங்கி தானே கைப்பற்றி ஏலம் விடலாம். இந்தச் சட்டம் செல்லும் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

வீட்டு வசதிக் கடன் கம்பெனிகளுக்கும் இந்த அதிகாரம் உண்டு. கூட்டுறவு பாங்கிகளுக்கும் உண்டு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. "நான் வாங்கியது சின்னக் கூட்டுறவு பாங்கியில்தான், அவர்கள் என்ன செய்துவிட முடியும்?" என்று அலட்சியமாக இருக்க இடம் இல்லை.

இந்தச் சட்டத்துக்குச் சில விலக்குகளும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத அடமானத்துக்கு இது பொருந்தாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தாலும் பொருந்தாது. முக்கால்வாசிக்கு மேல் கடனைக் கட்டி முடித்த பிறகு நோட்டீசு வந்தால், முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தவறும் முன்பே மனு

கைச்செலவு மிகக் குறைந்த வழி, தவணை தவறுவதற்கு முன்பே பாங்கிக்குப் போவதுதான். ஆலையில் லே-ஆப் வரப்போகிறது, சம்பளம் குறையப் போகிறது என்று தெரிந்ததுமே, கடன் கொடுத்த கிளைக்கு நேரில் போக வேண்டும். வாயால் சொன்னால் போதாது. என்ன காரணத்தால் கஷ்டம், மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதத்தில் நிலைமை சீராகும் என்று மூன்று விஷயங்களை மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும். நகலில் தேதியுடன் பாங்கி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். லே-ஆப் நோட்டீசு, ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு இவற்றின் நகல்களையும் இணைக்கலாம். பின்னால் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும், "இவர் ஓடி ஒளியவில்லை" என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

பாங்கி என்ன செய்ய முடியும்? கடனின் காலத்தை நீட்டிக் கொடுக்கலாம். உதாரணமாக ரூ.20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுக் காலம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.17,356 வரும். அதையே 30 ஆண்டாக நீட்டினால் தவணை ரூ.15,378 ஆகும். மாதம் ஏறக்குறைய 2 ஆயிரம் ரூபாய் மூச்சு விட இடம் கிடைக்கும். ஆனால் இதற்கு விலை உண்டு. 20 ஆண்டில் மொத்தம் கட்டுவது ரூ.41 லட்சத்து 65 ஆயிரம். 30 ஆண்டில் ரூ.55 லட்சத்து 36 ஆயிரம். சுமார் ரூ.13 லட்சத்து 70 ஆயிரம் கூடுதல். ஆகவே காலத்தை நீட்டுவது கஷ்ட காலத்துக்கு மருந்தே தவிர, தினசரிச் சாப்பாடு அல்ல. நிலைமை சரியானதும் தவணையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். போனசு, கிராஜுவிட்டி வந்தால் அசலில் கட்ட வேண்டும். மாறும் வட்டியில் தனி நபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் பாங்கி அபராதம் வாங்கக் கூடாது.

வருங்கால வைப்பு நிதியில் இருந்தும் வீட்டுக் கடனுக்காக முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. கம்பெனியின் பி.எப். குமாஸ்தாவிடம் கேட்டால் எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்வார்.

வட்டி ஏறிய கதை

ஒழுங்காகத் தவணை கட்டி வந்தவர்களையும் 2022, 2023-ம் ஆண்டுகள் திணற அடித்தன. 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆயிற்று. அந்த வட்டியோடு பிணைத்த வீட்டுக் கடன்களும் இரண்டரை சதவீதம் ஏறின. 6.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு ரூ.20 லட்சம் வாங்கியவரின் தவணை ரூ.14,911. வட்டி 9 சதவீதம் ஆனதும், அந்த ரூ.20 லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாதம் ரூ.15 ஆயிரம். அதாவது, பழைய தவணையைக் கட்டிக்கொண்டே இருந்தால் வட்டியே தீராது. கடன் குறைவதற்குப் பதில் வளரும்.

இதைத் தடுக்க 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். காலத்தை நீட்டுகிறேன் என்று சொல்லி, கடன் வளரும்படி செய்யக் கூடாது. பாங்கிக் கணக்கை ஒரு முறை எடுத்து, கட்டிய தவணையில் அசலுக்குப் போனது எவ்வளவு என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

2025-ல் ரெப்போ வட்டி குறைந்தது. ஜூன் மாதத்தில் 5.5 சதவீதத்துக்கு வந்தது. அந்தக் குறைப்பு தன் கடனுக்கு வந்ததா என்றும் கேட்க வேண்டும். 2019 அக்டோபருக்கு முன் பாங்கியில் வாங்கிய பழைய கடனாக இருந்தால், புதிய வட்டி முறைக்கு மாற்றித் தரும்படி மனுக் கொடுக்கலாம். பாங்கி இணங்காவிட்டால், குறைந்த வட்டி தரும் இன்னொரு பாங்கிக்குக் கடனை மாற்றவும் செய்யலாம். ஆனால் தவணை தவறிய கணக்கை வேறு பாங்கிகள் எடுப்பது கஷ்டம். அதனால்தான், தவறும் முன்பே போக வேண்டும் என்பது.

90 நாள் கணக்கு

தவணை தவறிய நாளில் இருந்து பாங்கி நாட்களை எண்ணத் தொடங்குகிறது. 30 நாள் வரை ஒரு கட்டம், 60 நாள் வரை இரண்டாம் கட்டம், 90 நாள் வரை மூன்றாம் கட்டம். 90 நாள் தாண்டினால் அது வாராக் கடன். சர்பாசி சட்டத்தின் வாசல் அங்கேதான் திறக்கிறது.

90 நாளுக்குள் ஒரு தவணையாவது கட்டினால், மிகப் பழைய பாக்கி தீர்ந்து நாள் கணக்கு பின்னுக்குப் போகும். 90 நாள் தாண்டிய பிறகு ஒரு தவணை கட்டிப் பயன் இல்லை. பாக்கித் தவணைகள் முழுவதையும் வட்டியோடு கட்டினால்தான் கணக்கை மறுபடியும் ஒழுங்கான கணக்காக மாற்றலாம் என்பது ரிசர்வ் பாங்கி விதி. ஆகவே 89-ம் நாள் கட்டும் ஒரு தவணைக்கு உள்ள மதிப்பு, 91-ம் நாள் கட்டும் தவணைக்குக் கிடையாது.

60 நாள் கெடு

வாராக் கடன் ஆனதும், சட்டத்தின் 13(2) பிரிவின்படி நோட்டீசு வரும். எவ்வளவு பாக்கி என்று சொல்லி, 60 நாளுக்குள் முழுக் கடனையும் கட்டும்படி கேட்கும். தபால்காரரிடம் வாங்க மறுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. வாங்காமல் தட்டிக் கழித்தால், வீட்டுக் கதவில் ஒட்டியும் இரண்டு பத்திரிகைகளில் வெளியிட்டும் நோட்டீசைச் சார்வு செய்யலாம். தபாலை மறுத்தவருக்கு நாள்தான் நஷ்டம். கூடவே, விஷயம் கட்டிடம் முழுவதும் தெரிந்துவிடும்.

இந்த 60 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கட்டிய தவணை வரவு வைக்கப்படவில்லை, வட்டிக் கணக்கு தவறு, கேட்ட அவகாசத்துக்குப் பதில் இல்லை என்று எதுவானாலும் எழுதலாம். அபராதத்தையும் கவனிக்க வேண்டும். தாமதத்துக்காகப் போடும் அபராதத்தை அசலோடு சேர்த்து, அதற்கு மேலும் வட்டி போடக் கூடாது என்று 2023-ல் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆட்சேபத்தைப் பெற்ற 15 நாளுக்குள் பாங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த நோட்டீசு கைக்கு வந்த பிறகு, பாங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வீட்டை விற்றுத்தான் தீர வேண்டும் என்ற நிலை வந்தால், நோட்டீசுக்கு முன்பே விற்பது நல்லது. பிறகு விற்பதானாலும் பாங்கியைக் கேட்டுக்கொண்டு விற்கலாம். வாங்குகிறவர் கடன் தொகையைப் பாங்கிக்கு நேராகக் கட்டுவார். மீதி விற்பவர் கைக்கு வரும். ஏலத்தில் வீடு போவதை விட, தானே ஆள் பார்த்து விற்றால் நல்ல விலை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரு வீட்டை விற்று, சின்ன வீடு ஒன்றை வாங்கிக்கொள்வதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

கதவில் ஒட்டும் காகிதம்

60 நாள் கழிந்தும் வழி பிறக்காவிட்டால், வீட்டைக் கைப்பற்றியதாகப் பாங்கி நோட்டீசு ஒட்டும். அதை இரண்டு பத்திரிகைகளில் வெளியிடும். அவற்றில் ஒன்று அந்த வட்டார மொழிப் பத்திரிகை. இங்கே அது மராத்தி. இதைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரெயில் ஏறிவிட வேண்டியது இல்லை. பெரும்பாலும் இது காகிதத்தில் மட்டும் கைப்பற்றுவது. குடியிருப்பவர்களை வெளியேற்ற, பாங்கி மாஜிஸ்திரேட்டிடமோ கலெக்டரிடமோ மனுச் செய்து உத்தரவு வாங்குவது வழக்கம்.

இந்த நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் 45 நாளுக்குள் மனுச் செய்யலாம். மும்பையிலேயே இந்தத் தீர்ப்பாயம் இருக்கிறது. நோட்டீசு முறைப்படி வந்ததா, ஆட்சேபத்துக்குப் பதில் சொன்னார்களா, கணக்கு சரியா என்று தீர்ப்பாயம் பார்க்கும். தவறு இருந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. சிவில் கோர்ட்டில் போய் வழக்குப் போட்டால் இந்த விஷயத்தில் செல்லாது. தெரியாமல் அங்கே போய் அலைந்தால், 45 நாளும் வீணாகிவிடும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்படி, பெண்கள், ஆலைத் தொழிலாளர்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. வீடு பெரும்பாலும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது. மனைவி பெயரிலேயே உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

ஏலத்துக்கு முன் கடைசி வாசல்

வீட்டை ஏலம் விடுவதற்கு முன் பாங்கி 30 நாள் நோட்டீசு கொடுக்க வேண்டும். ஏல தினத்தன்று காலையில் பணத்தோடு போய் நின்று வீட்டை மீட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படிச் செய்ய இடம் இருந்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப் பாக்கியையும் செலவுத் தொகையையும் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை உண்டு. இதை 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊரில் நிலத்தை விற்றுப் பணம் கொண்டுவர நினைப்பவர்கள், ஏல நாளைக் கணக்கில் வைக்கக் கூடாது. அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பே பணம் பாங்கியில் இருக்க வேண்டும்.

ஏலத்தில் கடனுக்கு மேல் தொகை வந்தால், மிச்சம் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது. கேட்டு வாங்க வேண்டும். குறைவாக வந்தால், குறைந்த தொகைக்கு அவர் இன்னும் கடனாளிதான். ஆகவே, "சாவியைப் பாங்கியில் வீசிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறேன்" என்பவர் வீட்டை இழப்பார். கடனையும் கூடவே ஊருக்குக் கொண்டு போவார்.

மீட்டர் வட்டியும் ஜாமீன் கையெழுத்தும்

பாங்கித் தவணையைக் கட்ட வெளியே வட்டிக்கு வாங்குவது, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். மூன்று தவணைக்காக ரூ.51 ஆயிரம் வாங்கினால், அதற்கு வட்டி மட்டுமே மாதம் ரூ.2,550. பாங்கித் தவணை அப்படியே நிற்க, அதன் தலைமேல் இன்னொரு தவணை ஏறிக்கொள்ளும். 8.5 சதவீதக் கடனைக் காப்பாற்ற 60 சதவீதக் கடன் வாங்குகிறவர், இரண்டையும் கட்ட முடியாத நாளை அவசரப்பட்டு அழைத்துக்கொள்கிறார்.

ஜாமீன் விஷயமும் இப்படித்தான். "அண்ணாச்சி, சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்று ஊர்க்காரர் கேட்டால், இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு நா எழுவது இல்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. தவணை தவறியதும் அவருக்கும் நோட்டீசு போகும். கையெழுத்துப் போட்டவரிடம் மறைக்காமல், முதல் தவணை தவறும்போதே சொல்லிவிடுவது கடன் வாங்கியவரின் கடமை. ஒரே ஊர், ஒரே கட்டிடம், ஒரே லோக்கல் ரெயில் என்று பழகியவர்கள், பதிவுத் தபால் மூலமாக ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும்படி ஆகக் கூடாது.

வசூல் ஆட்கள் வந்து மிரட்டினால் பயந்து ஒளிய வேண்டாம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் போன் செய்து தொல்லை கொடுக்கக் கூடாது, பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கிறது. மீறினால், தேதி, நேரம் குறித்து முதலில் பாங்கிக்கு எழுத வேண்டும். 30 நாளில் திருப்தியான பதில் வராவிட்டால், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில், மனைவியிடம் மறைக்கக் கூடாது. கடன் பத்திரத்தில் அவர் கையெழுத்தும் இருந்தால், கடன் அவருடையதும்தான். வீட்டுச் செலவில் எதைக் குறைக்கலாம், எந்த நகையை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நோட்டீசு வருவதற்கு முன்னால் என்றால், கடன் பத்திரத்தின் நிபந்தனையைப் பார்த்துக்கொண்டு பிளாட்டை வாடகைக்கு விட்டு, குறைந்த வாடகை அறையில் ஓரிரு ஆண்டு இருந்து சமாளிக்கும் வழியும் இருக்கிறது. கடனோடு சேர்த்து ஆயுள் இன்சூரன்சு எடுத்திருந்தால், அந்தப் பாலிசி எங்கே இருக்கிறது என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சம்பாதித்தவர் இறந்துவிட்டால், அந்தக் காகிதம்தான் வீட்டைக் காப்பாற்றும்.

கடன் பத்திரம், தவணை கட்டிய ரசீதுகள், பாங்கிக் கடிதங்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே பையில் வைக்க வேண்டும். வீடு மாறினால் புதிய முகவரியைப் பாங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நோட்டீசு வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கி, அன்றே பிரித்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துவிட வேண்டும். வந்த தேதியைக் கவர் மேலேயே எழுதி, நோட்டீசில் உள்ள தேதியில் இருந்து 60-வது நாளைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் சுழித்து வைக்க வேண்டும். அந்தச் சிவப்புச் சுழி வரும் வரை வீடு அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதற்குள் நடந்தால் எல்லா ஆபீசும் திறந்தே இருக்கும்.